கிழவாத்துக்கு ஒரு கயிறு

1762 ஜனவரி 11, திங்கள்

ஹல் துறையிலிருந்து குதிரைகள் வந்து சேர்ந்தன. போகும்போது ஈயக்கட்டி, வரும்போது சணல் கயிறு, தார், ஒரு மூட்டை உலர்திராட்சை. வெறும் முதுகோடு ஒரு குதிரையும் வீடு திரும்பக் கூடாது. ஒற்றைக் கழுதையோடு தொழில் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் வேதம்.

திராட்சை மூட்டைக்குள் எலி. குதிரைக்காரனைத் திட்டினேன். கயிறு மட்டும் முதல்தரம். சுரங்கத்தின் அடிவரை எட்டுகிற, நடுவில் ஒட்டுப்போடாத கயிறு இந்த மலையில் இப்போது என் கொட்டகையில் மட்டும்தான் இருக்கிறது. செஸ்டர்ஃபீல்டில் கயிறு திரிக்கிறவன் பனி விடும்வரை களத்துக்கே வர மாட்டானாம்.

பின்டரிடமிருந்து ஒரு கடிதம். ஆஷ்கேர்ன் மாளிகையின் காரியஸ்தர் அவர். மாளிகையிலிருந்து என் வாசலுக்கு ஒரு நடை தூரம். வந்து கேட்டால் வாய் வலிக்குமா? போன மாதம் ஏற்றிய ஈயக்கட்டிகளின் எடை குறித்து என் கனிவான கவனத்தை ஈர்க்க ஒரு முழுப் பக்கம். அடியில் வழக்கம்போல "தங்கள் மிகப் பணிவுள்ள, மிகக் கீழ்ப்படிந்த ஊழியன், ஜோசய்யா பின்டர்". ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுத் துரத்தும் கடிதத்தின் அடியிலும் இந்த மனிதர் இதைத்தான் எழுதுவார்.

பதில் போட்டேன்: "எடை சரி. த. ராக்."

"இன்னும் ரெண்டு வார்த்தை சேத்து எழுதினா என்ன அக்கா? ஹல் வியாபாரி போன தடவை கோவிச்சுக்கிட்டாரே" என்றான் தம்பி லூக்.

காகிதம் மரத்திலா காய்க்கிறது?

ஜனவரி 14

மாளிகையின் கிழவாத்துச் சுரங்கத்து ஆட்கள் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். கயிறு நைந்துபோயிற்றாம். புதுக் கயிறு வந்தால்தான் இறங்குவோம் என்று சாராயக்கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டே பாலைக் கொட்டிவிட்டேன்.

ஜனவரி 16, சனி

இன்று பின்டரே வந்தார். பொய்முடியில் பனி, மூக்கில் சளி. கடைக்குள் கால் வைக்கும்போதே கையை உதறிக்கொள்கிறார், எங்கள் ஈயத்தூசி ஒட்டிவிடுமாம். அந்த ஈயத்தில்தான் அவர் மாளிகையின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி ஏறியது.

"அமோஸ் பொண்ணே, உங்கிட்ட நீளக் கயிறு இருக்காமே?"

நாற்பதை நெருங்குகிறேன். இருபத்திரண்டு குதிரை வைத்திருக்கிறேன். ஈயம் உருக்கும் உலையில் பாதி என்னுடையது. இந்த ஆளுக்கு நான் இன்னும் அமோஸ் பொண்ணு.

"இருக்கு, மிஸ்டர் பின்டர்."

"அப்ப எடுத்து வை. சர் ஆம்ப்ரோஸுக்கு எழுதியிருக்கேன். உத்தரவு வந்ததும் ஆள் அனுப்பறேன்."

"உத்தரவு வராம வாங்க மாட்டீங்களா?"

"எதையும் எழுத்துல வாங்கிட்டுத்தான் செய்யணும். அதான் முறை."

ஊருக்கே தெரிந்த கதை இது. ஒரு தடவை குதிரை லாயத்தின் கூரை ஒழுகுகிறது என்று கேட்காமல் ஓடு வாங்கிவிட்டார். லண்டனிலிருந்து மாளிகை எஜமான் சர் ஆம்ப்ரோஸ் அந்தச் செலவை இவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு ஆணிக்கும் கடிதம், ஒரு வாளிக்கும் கடிதம்.

"சரி. நீங்க சொல்றதும் முறைதான். எழுத்து வரட்டும், கயிறு தர்றேன். எழுத்து இல்லாம நானும் தர மாட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். அவருக்குச் சந்தோஷம்கூட. கடைசியில் நான் ஒழுங்கு கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருப்பார்.

ஜனவரி 17, ஞாயிறு

தேவாலயத்தில் அவர் முன்வரிசை, நான் தூணுக்குப் பின்னால். பிரசங்கம் முழுக்க அந்தப் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிவிடுகிறேன்.

கிழவாத்து என் அப்பா அமோஸ் கண்டுபிடித்த சுரங்கம். தொலைந்துபோன கிழட்டு வாத்தைத் தேடிப் போய், அது விழுந்த குழியில் ஈயக்கல்லைப் பார்த்தார். இந்த மலையில் நிலம் யாருடையதாக இருந்தாலும், கண்டவனுக்குத்தான் சுரங்கம். நில எஜமானருக்குத் தோண்டிய கல்லில் இத்தனை தொட்டிக்கு ஒரு தொட்டி என்று பங்கு போகும், அவ்வளவே. ஆனால் வேலை நடந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் புகுந்தாலோ காற்று கெட்டாலோ மன்னிப்பு உண்டு. மற்றபடி சும்மா கிடந்தால், வேண்டும் என்கிறவன் சுரங்க மணியக்காரரிடம் கேட்கலாம். அவர் வந்து, சுரங்கத்திலிருந்து வாளி ஏற்றும் ராட்டினமரத்தில் வாரத்துக்கு ஒரு வெட்டுப் போடுவார். மூன்றாவது வெட்டோடு சுரங்கம் கேட்டவனுக்கு.

அப்பாவுக்கு ஈயத்தின் விஷம் வயிற்றில் இறங்கியது, படுத்துவிட்டார். சுருண்டு சுருண்டு கத்துவார். லூக் தொட்டிலில். நான் ராட்டினத்தின் கைப்பிடிக்கு எட்டுகிற உயரம். அப்போது பின்டர் புதுக் காரியஸ்தர், புதுக் கோட்டு. மாளிகையின் பெயரில் கேட்டு முதல் வெட்டு போட வைத்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவது வாரம் அம்மாவும் நானும் போய் ராட்டினத்தைச் சுற்றினோம். கீழே ஆள் இல்லை, வெறும் வாளி. மேலே ஏறும், கீழே இறங்கும். ராட்டினம் சுற்றினால் வேலை என்று எண்ணிக்கொள்வார்கள் என்று அம்மா நம்பினாள். பழைய மணியக்காரர்கூடத் தயங்கினார். கத்தியை எடுக்கவில்லை.

இவர் நடந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெறும் வாளி எல்லாம் வேலையாகாதும்மா."

அதோடு விடவில்லை. சுரங்க மன்றத்துக்கே கொண்டுபோய், ஈயக்கல் மேலே வந்தால்தான் வேலை, வராவிட்டால் வேலையில்லை என்று தீர்ப்பு வாங்கினார். இன்றைக்கும் அது நிற்கிறது. சுரங்கத்துக்காரர்கள் அதை "பின்டர் தீர்ப்பு" என்று சொல்லிக் காறித் துப்புவார்கள்.

அப்பா எழுந்ததும் பிறர் சுரங்கத்தில் கூலிக்குப் போனார். இலையுதிரும் முன் செத்தார்.

மூன்றாவது வெட்டில் மரத்திலிருந்து ஒரு சில்லு தெறித்து விழுந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். என் பொத்தான் பெட்டியில் இருக்கிறது.

இத்தனை வருஷம்… இத்தனை வருஷம்டா பின்டர்.

ஜனவரி 25, திங்கள்

கிழவாத்தில் இன்னும் வேலை இல்லை. தண்ணீரும் இல்லை, காற்றும் கெடவில்லை. கயிறு வாங்கவில்லை என்பது மன்னிப்புக்கு உரிய காரணம் அல்ல.

காலையில் மணியக்காரர் ஆல்சப்பிடம் போனேன். நேர்மையான மனிதர், பேச்சு குறைவு. பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கிழவாத்து வேணும்னு கேக்க வந்தேன்."

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினார். "யோசிச்சுத்தான் கேக்குறியாம்மா?"

"நான் யோசிக்காத நாள் எதுன்னு கேளுங்க."

வந்தார். பார்த்தார். வெட்டினார். முதல் வெட்டு.

மரம் புதிது. அப்பாவின் மரம் எப்போதோ மட்கியிருக்கும். ஆனாலும் கத்தி இறங்குகிற சத்தம் அதே சத்தம்.

ஜனவரி 27

பின்டர் கடிதம். "சுரங்கத்தின் ராட்டினமரத்தில் தாங்கள் வேண்டிப் போடப்பட்டுள்ள வெட்டைக் கண்டு வியப்புற்றேன்…" இரண்டு பக்கம். சர் ஆம்ப்ரோஸின் உத்தரவு எந்நேரமும் வரும், ஆகவே தாங்கள் வீணில் சிரமப்பட வேண்டாம்.

பதில்: "சிரமம் இல்லை. த. ராக்."

ஜனவரி 30, சனி

தபால் வண்டி வந்தது. சாராயக்கடையில்தான் தபாலை இறக்குவார்கள். பின்டர் காலையிலிருந்து காத்திருந்தார். நானும் ஒரு கோப்பை பார்லி பீரை வாங்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

முத்திரையை உடைத்தார். படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"என்ன ஐயா, கயிறு வந்துச்சா?" என்று சுரங்கத்து ஆள் ஒருவன் கேட்டான்.

"சர் ஆம்ப்ரோஸ் பாத் நகரத்துல இருக்காராம். கால்வீக்கம். வெந்நீர் ஊற்றுல குளிக்கப் போயிருக்கார்."

"அது சரி ஐயா, கயிறு?"

பின்டர் முகம் சிவந்தது. மெதுவாக வெளியே வந்தது கதை. பின்டர் தன் கடிதத்தில் கௌதாரிகளைப் பற்றி, வேலி பற்றி, பாதிரியாரின் வரி பற்றி, தோட்டத்துப் பேரிமரம் பற்றி, லாயத்துக் கதவு பற்றி எழுதிவிட்டு, ஆறாவதாகத்தான் கயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். முக்கியமானதைப் பணிவோடு கடைசியில் வைப்பது அவர் முறையாம். சர் ஆம்ப்ரோஸ் ஐந்துக்கும் விவரமாகப் பதில் எழுதிவிட்டார். கௌதாரிக்கு மட்டும் அரைப் பக்கம். ஆறாவதைத் தொடவே இல்லை.

கடை முழுக்கச் சிரிப்பு. "கௌதாரியைப் புடிச்சிக்கிட்டு இறங்கலாமா ஐயா?" என்று ஒருவன் கேட்டான்.

நான் சிரிக்கவில்லை. பீரைக் குடித்து முடித்தேன். இவ்வளவு ருசியாக அந்தக் கடையில் எதையும் குடித்ததில்லை.

பிப்ரவரி 1, திங்கள்

இரண்டாவது வெட்டு.

பிப்ரவரி 3

கிழவாத்து ஆட்களின் வீடுகளில் ஓட்ஸ் மாவு தீர்ந்துபோயிற்று. பசி தாங்காமல் எவனாவது பழைய கயிற்றில் இறங்கிவிட்டால்? இறங்கி ஒரு வாளி கல் ஏற்றிவிட்டால் என் கதை முடிந்தது. எட்டுப் பேரையும் கூப்பிட்டு என் பொதிகளைக் கட்டவும் லாயம் கழுவவும் வேலை கொடுத்தேன்.

"உங்களுக்கு மகராசி மனசும்மா" என்றான் ஒருவன்.

இல்லை. ஆனால் திருத்தவில்லை.

பிப்ரவரி 6, சனி

இன்றைய தபாலிலும் ஒன்றும் இல்லை. இருட்டும் முன் பின்டர் வந்தார். இந்தத் தடவை கையை உதறவில்லை.

"கயித்தை என் சொந்தப் பணத்துல வாங்கிக்கிறேன். விலையைச் சொல்லு."

லூக் எழுந்து கொட்டகைச் சாவியை எடுக்கப் போனான். முட்டாள்.

"நில்லுடா" என்றேன். பின்டரிடம் திரும்பினேன். "கிழவாத்து உங்க சுரங்கமா, மிஸ்டர் பின்டர்?"

"மாளிகையோடது. உனக்குத் தெரியாதா?"

"மாளிகை சுரங்கத்துக்கு மாளிகை எழுத்து வேணும். எழுத்துல வாங்கிட்டுத்தான் எதையும் செய்யணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கிழவனின் கழுத்துத் தோல் வான்கோழியுடையதுபோல ஆடியது. "இந்தச் சுரங்கம் போச்சுன்னா என்னை வெச்சிருக்க மாட்டார்" என்றார். "முப்பது வருஷம் ஆகப்போகுது. எனக்கு வேற எதுவும் தெரியாது."

"எங்க அப்பாவுக்கும் வேற எதுவும் தெரியாது."

போய்விட்டார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை, பனிக்காற்று உள்ளே வந்தது.

"அந்த ஆளை விட்டுத் தொலை அக்கா. எனக்கு அப்பா மொகமே ஞாபகம் இல்ல" என்றான் லூக்.

"எனக்கு இருக்குதுடா. அதான் வித்தியாசம்."

அவன் சாப்பிடாமல் படுத்தான். அவன் பங்கு ஆட்டிறைச்சியை நாய்க்குப் போட்டேன்.

பிப்ரவரி 8, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆல்சப், லூக், நான், பழுப்புக் குதிரை. குதிரையின் மேல் புதுக் கயிறு. "இதை எதுக்கு இப்பவே?" என்றான் லூக். வெட்டு விழுந்த கையோடு ஆட்களை இறக்கிவிடுவேன், ஒரு நாளையும் வீணாக்க மாட்டேன் என்றேன்.

சுரங்க வாயருகே கல்சுவரின் மேல் ஒரு கோட்டு அழகாக மடித்து வைத்திருந்தது. அதன்மேல் பொய்முடி. மாளிகையின் குதிரைக்காரன் ராட்டினத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"ஐயா கீழ போய்ட்டாரும்மா. எவ்வளவோ சொன்னேன். அந்தப் பழைய கயித்துலயே போய்ட்டாரு."

கீழேயிருந்து டொக், டொக் என்று சத்தம். இரும்பு, கல்.

ஆல்சப் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து கேட்டார். நிமிர்ந்தார். "வேலை நடக்குதேம்மா" என்றார்.

வாழ்நாளில் பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத மனிதன், எட்டு ஆண்பிள்ளைகள் இறங்க மறுத்த கயிற்றில் இறங்கிவிட்டான். அவனிடம் இது இருக்கும் என்று நான் எண்ணவே இல்லை.

"என்ன வேலைன்னு பாக்கலாம். வாளியை ஏத்தச் சொல்லுங்க" என்றேன்.

குதிரைக்காரன் சுற்றினான். வாளி பாதி வந்தபோது கயிற்றில் ஒரு புரி அறுந்தது. சாட்டை சொடுக்கினதுபோல் சத்தம். மெல்ல மெல்ல ஏற்றி, லூக் எட்டி வாளியைப் பிடித்துக்கொண்டான்.

நிறைய வெள்ளைக் கல். வெயிலில் பளபளவென்று மின்னியது.

"எவ்வளவு அழகா இருக்கு, வெள்ளி மாதிரி" என்றான் குதிரைக்காரன்.

ஆல்சப் முழங்காலிட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்தார், உடைத்துப் பார்த்தார். எல்லாம் ஈயத்தைச் சுற்றி இருக்கிற வெறும் கல். சாலையில் கொட்டக்கூட ஆகாது. ஈயக்கல் கறுப்பாக, கையை இழுக்கிற கனத்தில் இருக்கும். அதில் ஒரு கடுகளவும் இல்லை.

"ஆல்சப்!" என்று கீழேயிருந்து கத்தல். "வாளி வந்துச்சா? வேலை நடந்ததுன்னு எழுதிக்கோங்க! நேரத்தையும் போட்டு எழுதிக்கோங்க!"

ஆல்சப் தாடையைத் தடவினார். "என்னைக் கேட்டா, வெறும் கல்லை உடைச்சு வழி பண்றதும் வேலைதான்னு சொல்லுவேன். ஆனா தீர்ப்பு ஒண்ணு இருக்கு."

"யார் வாங்கின தீர்ப்பு?" கீழே கேட்கட்டும் என்று உரக்கத்தான் கேட்டேன்.

நான் சுரங்க வாயில் குனிந்தேன். இருட்டும் ஈரமும் முகத்தில் அடித்தன.

"மிஸ்டர் பின்டர்! வெறும் வாளி எல்லாம் வேலையாகாது!"

டொக் சத்தம் நின்றது.

பிறகு கீழேயிருந்து, "அமோஸ் பொண்ணா?"

"ஆமா."

"கயிறு அறுந்துச்சே. சத்தம் கேட்டுச்சு."

"ஒரு புரி போச்சு. உங்களைத் தாங்காது."

"உங்கிட்ட… புதுக் கயிறு?"

"இங்கதான் இருக்கு. குதிரை மேல."

"அப்ப போடு. சீக்கிரம் போடு."

"மாளிகை எழுத்து வந்துருச்சா, மிஸ்டர் பின்டர்?"

"அக்கா!" என்று கத்தினான் லூக். பிறந்ததிலிருந்து என்னிடம் அவன் குரலை உயர்த்தியதில்லை. குதிரையிடம் ஓடிக் கயிற்றின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக் குதிரையைத் தள்ளி நிறுத்தினேன்.

"ஆளை மேல எடுத்துட்டு வெட்டலாமேம்மா" என்றார் ஆல்சப்.

"வெட்டிட்டு எடுக்கலாம்."

"பயந்துபோயிருக்கான். வயசானவன்."

"எங்க அம்மாவும் பயந்துதான் நின்னா. அன்னிக்கு யாரும் காத்திருக்கல. வெட்டுங்க. உங்க கடமையைச் செய்யுங்க."

அவர் கத்தியை எடுத்தார். அவருக்கு என்மேல் கோபம். ஆனால் சட்டம் என் பக்கம் இருந்தது, அவர் சட்டத்தின் ஆள். வெட்டினார். மூன்றாவது. சில்லு தெறித்துச் சேற்றில் விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை.

திரும்ப வாயில் குனிந்தேன். "மிஸ்டர் பின்டர், இப்ப இது என் சுரங்கம். என் சுரங்கத்துல மாட்டிக்கிட்ட ஆளை நான் மேல ஏத்துறேன். அதுக்கு எழுத்து வேண்டாம்."

புதுக் கயிற்றை மாட்டி இறக்கினோம். ஒரு கைப்பிடியில் லூக், மறு கைப்பிடியில் நான். என் உடம்புக்கு இன்னும் அந்தச் சுற்று மறக்கவில்லை. அன்றைக்கு ஏறி வந்தது காற்று. இன்றைக்கு ஒரு ஆள்.

மொட்டைத் தலை, முகமெல்லாம் வெள்ளைத் தூசி, உள்ளங்கை இரண்டிலும் ரத்தம். என்னைப் பார்க்கவில்லை. நேராக வாளியிடம் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"மின்னுச்சே" என்றார். "அதான் ஈயம்னு நினைச்சேன்."

இத்தனை வருஷமாக இந்தச் சுரங்கத்தைப் பற்றி மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதியவர்.

அந்த நேரத்தில் சிரிப்பேன் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. வீட்டுக்கு வந்து ஆறிப்போன இறைச்சியை நின்றபடியே தின்றேன்.

பிப்ரவரி 10

பாத் நகரத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். கயிறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதலில் இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்துக் குறைந்ததைத் தெரிவிக்கவும்.

சாராயக்கடையில் இதைச் சத்தம்போட்டுப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார்களாம். பின்டர் படித்தாராம். மூன்று தடவையும்.

பிப்ரவரி 15

எட்டுப் பேரும் கிழவாத்தில் இறங்கிவிட்டார்கள். நல்ல கறுப்புக் கல். என் உலையில் நானே உருக்குகிறேன். லூக் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறான்.

மார்ச் 25

கணக்கு முடிக்கும் நாள். பின்டரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லண்டனிலிருந்து கடிதம். அடியில் சர் ஆம்ப்ரோஸும் "தங்கள் பணிவுள்ள ஊழியன்" என்றுதான் கையெழுத்திட்டிருந்தாராம்.

இதைக் கேட்டபோதுதான் சிரிப்பு வந்தது. நன்றாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 19

ஹல் வியாபாரி விலகிக்கொண்டான். என் கடிதங்களில் மரியாதை இல்லையாம். சர் ஆம்ப்ரோஸ் வேறு, கிழவாத்தில் நில எஜமானருக்குச் சேரும் பங்கு குறித்து எனக்கே நேரடியாக எழுதியிருக்கிறார். "மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று ஆரம்பம். இப்படி ஒரு காகிதம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. பதில் சொல்ல எனக்கு மூன்று வார்த்தைக்கு மேல் வராது.

பின்டர் செருப்புத் தைப்பவனின் மாடியில் இருக்கிறார். ஆள் அனுப்பினேன்.

வந்து கதவருகே நின்றார். உட்காரச் சொன்னேன்.

"என் கடிதங்களை எழுதணும். காலையில வந்து விளக்கேத்தும் முன்ன போயிரலாம்."

"ஏன் என்னை?"

"நீங்க நல்லா எழுதுறீங்க. எனக்கு வியாபாரம் நடக்கணும்."

"வேற காரணம் இல்லையா?"

"இருக்கு" என்றேன். மேசையைக் காட்டினேன். ஜன்னலோரம் போட்டிருந்தேன். நிமிர்ந்தால் நேரே மலைச்சரிவு, கிழவாத்து, அந்த ராட்டினமரம். மூன்று வெட்டும் இங்கிருந்தே தெரியும். மரத்தை மாற்றலாம் என்று ஆட்கள் கேட்டார்கள். நான் விடவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பேனாவைச் சீவினார்.

"பெரிய மனசு அக்கா உனக்கு" என்றான் லூக். சில நேரம் என் தம்பிக்குக் கண் இருக்கிறதா என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 20

சர் ஆம்ப்ரோஸுக்குப் பதில். "எடை சரின்னு சொல்லுங்க" என்றேன். ஒரு பக்கம் எழுதி நீட்டினார். ஒவ்வொரு வரியும் தலை தாழ்த்துகிறது, ஒரு வரியும் விட்டுக்கொடுக்கவில்லை. எடை சரி என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

அடியில் என் பெயருக்கு மேலே "பணிவுள்ள" என்று போட்டிருந்தார். அந்த ஒன்றை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

மே 8

ஹல் வியாபாரி திரும்பி வந்துவிட்டான்.

ஜூன் 14, திங்கள்

ஐசக் பூத் படுத்துவிட்டான். ஈயம் வயிற்றில் இறங்கிவிட்டதாம். கிழவாத்துக்கு அடுத்த மேட்டில் இருக்கிற செவிட்டுமேரி என்ற சின்னச் சுரங்கம் அவனுடையது. சின்னதுதான், ஆனால் கிழவாத்தின் கல் ஓடுகிற திசை எனக்குத் தெரியும். அது மேரிக்கு அடியில்தான் போய்க் கொழுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் என் பேரப்பிள்ளைகள்வரை தோண்டலாம். பேரப்பிள்ளை இல்லை. இருந்தால்.

இன்று மற்றக் கடிதங்களோடு கையெழுத்துக்காக ஒன்று இருந்தது. ஆல்சப்புக்கு. செவிட்டுமேரியில் வேலை நின்றிருப்பதால் என் பெயரில் வெட்டுப் போட வேண்டுகிறேன் என்று. அருமையான கடிதம். ஒரு வார்த்தையும் அதிகம் இல்லை.

"இதை யார் கேட்டா?"

"யாரும் கேக்கலைம்மா. வழக்கமா செய்யறதுதானே. நீங்க சொல்லும் முன்ன தயாரா வெச்சேன்."

அமோஸ் பொண்ணு எப்போது அம்மா ஆனேன் என்று நினைவில்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேனா மைக்கூட்டிலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஐசக்கின் பெண்டாட்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள், இடுப்பில் பிள்ளை. ராட்டினத்திடம்தான் போகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேறெதற்கு அந்த மேட்டில் ஏற வேண்டும்?

மடித்து அடுப்பில் போட்டேன்.

"கோட்டைக் கழட்டுங்க, மிஸ்டர் பின்டர்."

"எங்க போகணும்?"

"செவிட்டுமேரிக்கு. ஐசக்கோட மச்சான் கீழ இறங்கி வெட்டுவான். மேல ராட்டினம் சுத்த ஆள் இல்ல. என் கொட்டகையில இருக்கிற கயித்தைத் தூக்கிட்டுப் போங்க."

"நானா?" எழுந்துவிட்டார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எவ்வளவு நாளைக்கு?"

"எழுத்துல வேணுமா?"

லூக் வாயைப் பொத்திக்கொண்டான். நான் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நானே எழுதினேன்: "ஐசக் எழும்வரை சுற்றவும். த. ராக்." அவர் அதை வாங்கிப் படித்து, உலர ஊதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்.

ஜூன் 21, திங்கள்

கடிதங்களை நானே எழுதுகிறேன். எல்லாம் மூன்று வார்த்தை.

ஜன்னலில் இருந்து பார்த்தால் செவிட்டுமேரியின் சுவரின்மேல் கோட்டு மடித்து வைத்திருக்கிறது, அதன்மேல் பொய்முடி. கிழவன் சுற்றிக்கொண்டிருக்கிறார். நடுநடுவே கைகளை உதறுகிறார். மதியம் ஆல்சப் போய் வாளியை எட்டிப் பார்த்தாராம். கறுப்புக் கல்தானாம், கனமாக.

"மனசு எறங்கிட்ட போல அக்கா" என்றான் லூக் சாப்பாட்டின்போது. உப்பை எடு என்றேன்.

பொத்தான் பெட்டியைத் திறந்தேன். சில்லு இருக்கிறது. மூடி வைத்தேன்.

ஐசக் இன்று கஞ்சி குடித்தானாம். எழுந்து நடக்க இன்னும் நாளாகும். பின்டருக்கு ஒரு ஜோடித் தோல் கையுறை கொடுத்தனுப்ப வேண்டும். பழையது போதும்.